புதைத்தல், ஒளித்தல், மறைதல்: ‘க்ருப்தோ’ என்னும் கிரேக்க வினையும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ‘மறைத்தல்’ என்னும் பொருளில் வழங்கும் தலைமையான வினை ‘க்ருப்தோ’. புதைத்தல், ஒளித்துவைத்தல், தன்னை ஒளித்துக்கொள்ளுதல், மறைந்திருத்தல் ஆகிய பொருள்கள் அனைத்தையும் இவ்வொரு வினையே தாங்குகிறது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனி வினைகள் உள்ளன. தன்வினை பிறவினை வேறுபாடும் வடிவத்திலேயே வெளிப்படுகிறது. ஆகவே கிரேக்கம் திறந்துவிட்ட இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியவராகிறார். அம்முடிவுகள் சிலவற்றையும், குறிப்பாக யோவான் நற்செய்தியில் ‘மறைந்தார்’ என்னும் சொல்லாட்சி விளைவித்த பொருள் மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: க்ருப்தோ, செப்துவசிந்தா, தன்வினை, செயப்பாட்டுவினை, மறைதல், ஒளித்தல், விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழில் புதிய ஏற்பாடு 1714–15ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பாக அச்சேறியது. அதன்பின் பல திருத்தங்களும் புதிய மொழிபெயர்ப்புகளும் தோன்றின. இன்று பெருவழக்கில் உள்ளவை இரண்டு. ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ஒன்று. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் வடசொல், தனித்தமிழ் என்னும் நடைவேறுபாட்டோடு நின்றுவிடுகின்றன. ‘பரலோகராஜ்யம்’ ‘விண்ணரசு’ ஆனதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு வினைச்சொற்களைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சியில் யார் என்ன செய்தார் என்பதை முடிவு செய்பவை வினைகளே. இக்கட்டுரையில் முன்னது ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’ என்றும், பின்னது ‘பொது மொழிபெயர்ப்பு’ என்றும் சுட்டப்படுகின்றன.

வினையின் பொருட்பரப்பு

‘க்ருப்தோ’ ஹோமர் காலம் முதல் வழங்கும் சொல். கண்ணில் படாமல் செய்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். மண்ணால் மூடுதலும், பேச்சில் வெளியிடாதிருத்தலும், ஆளை ஒளித்துவைத்தலும் அதனுள் அடங்கும். சோபக்ளிஸின் ‘அந்திகோனே’ நாடகத்தில் எதியோக்ளிஸ் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டதை அந்திகோனே இந்த வினையால்தான் கூறுகிறாள். பின்னர் அவளை உயிரோடு பாறைக்குகைக்குள் அடைக்கப்போவதாகக் கிரயோன் அறிவிக்கும்போதும் அதே வினை வருகிறது. அடக்கம் செய்தலுக்குக் கிரேக்கத்தில் ‘தாப்தோ’ என்னும் தனிச்சொல் உண்டு. அது சடங்கைக் குறிப்பது. ‘க்ருப்தோ’ கண்ணிலிருந்து அகற்றுவதைக் குறிப்பது. ஸ்பார்த்தாவின் இளைஞர் பகலில் பதுங்கியிருந்து இரவில் அடிமைக் குடிகளைக் கொன்ற வழக்கமாகப் புளூட்டார்க் விவரிக்கும் ‘க்ருப்தேயா’வின் பெயரும் இவ்வேரிலிருந்து வந்ததே.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாத வினைகள் இரண்டு உள்ளன. ‘கலுப்தோ’ என்பது போர்த்துதல், மூடுதல். மேலே ஒன்று கிடக்கிறது என்பது அதில் முதன்மை. ‘லந்தானோ’ என்பது பிறர் கவனத்துக்குத் தப்புதல். ஒன்று மறைக்கப்பட்டது என்பது அதில் இல்லை, யாரும் கவனிக்கவில்லை என்பதே உண்டு. மாற்கு 7:24இல் இயேசு ஒரு வீட்டுக்குள் சென்றும் பிறர் அறியாமல் இருக்க இயலவில்லை என்னும் இடத்தில் வருவது ‘லந்தானோ’. ஐக்கிய மொழிபெயர்ப்பு அங்கும் ‘மறைவாயிரு’ என்றே பெயர்த்துள்ளது. ‘மறை’ என்னும் தமிழ் வேர் இவ்வாறு இரண்டு கிரேக்க வினைகளுக்கும் பொதுவாகிவிடுகிறது. ஒருபுறம் ஒரு கிரேக்க வினை பல தமிழ்ச் சொற்களாகப் பிரிகிறது. மறுபுறம் பல கிரேக்க வினைகள் ஒரு தமிழ்ச் சொல்லில் சேர்கின்றன. இந்த இரட்டை நகர்வே பின்வரும் சிக்கல்களுக்கு வேர்.

தொடரமைப்பிலும் ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. செவ்வியல் கிரேக்கத்தில் யாரிடமிருந்து எது மறைக்கப்படுகிறதோ அவ்விரண்டும் இரண்டாம் வேற்றுமையிலேயே வரலாம். எபிரேய மறைநூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்தாவில் ‘இருந்து’ என்னும் பொருள்தரும் ‘அபோ’ என்னும் முன்னிடைச்சொல் புகுகிறது. எபிரேயத் தொடரின் சாயல் அது. புதிய ஏற்பாடும் அவ்வழியே செல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகள் இதற்கு நான்காம் வேற்றுமையைக் கொண்டன: மத்தேயு 11:25இல் ஞானிகளுக்கு மறைக்கப்படுகிறது, வெளிப்பாடு 6:16இல் முகத்திற்கும் கோபத்திற்கும் மறைக்கும்படி மலைகள் வேண்டப்படுகின்றன. இன்றைய பேச்சுவழக்குக்கு இது அயலாகத் தோன்றினும் ‘வெயிலுக்கு மறைவு’, ‘மழைக்கு ஒதுங்குதல்’ ஆகிய வழக்குகளோடு இயைவது. குறை சொல்ல இடமில்லாத தேர்வு.

நிலத்தில் மறைந்தவை

மத்தேயு நற்செய்தியில் இவ்வினை ஒரு சரடுபோல ஓடுகிறது. மலைமேலுள்ள நகர் மறைய இயலாது (5:14). ஞானிகளுக்கு மறைக்கப்பட்டது குழந்தைகளுக்கு வெளிப்படுகிறது (11:25). பெண் மாவில் புளிப்பை மறைக்கிறாள் (13:33). தொடக்கமுதல் மறைந்தவை கூறப்படுகின்றன (13:35). நிலத்தில் மறைக்கப்பட்ட செல்வத்தைக் கண்டவன் அதை மீண்டும் மறைக்கிறான் (13:44). அஞ்சிய ஊழியன் தலைவனின் பணத்தை நிலத்தில் மறைக்கிறான் (25:18, 25). கிரேக்க வாசகர் செவியில் இவை ஒரே ஒலியாக விழுந்திருக்கும். தமிழில் இச்சரடு மறை, அடக்கு, புதை என மூன்றாகப் பிரிகிறது.

13:44 தனியே நோக்கத்தக்கது. அங்கு ஒரே வாக்கியத்தில் வினை இருமுறை வருகிறது. முதலாவது ‘கெக்ரும்மெனோ’, அதாவது ‘மறைக்கப்பட்டுக் கிடக்கிற’ என்னும் நிறைவுச் செயப்பாட்டு எச்சம். இரண்டாவது ‘எக்ருப்சென்’, ‘மறைத்தான்’ என்னும் செய்வினை முற்று. முன்பு எவனோ மறைத்தான். இப்போது கண்டவனும் மறைக்கிறான். ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலாவதைப் ‘புதைந்திருக்கிற’ என்றும், இரண்டாவதை ‘மறைத்து’ என்றும் பெயர்த்தது. பொது மொழிபெயர்ப்பு ‘மறைந்திருந்த’ எனப் பெயரெச்சத்தில் மறை வேரைக் காத்து, ‘புதை’ என்பதைப் ‘புதையல்’ என்னும் பெயருக்குள் கொண்டுபோய் வைத்தது. பொக்கிஷத்தைப் புதையல் ஆக்கியது நுட்பமான தீர்வு. மண்ணுக்கடியில் என்னும் பொருள் கெடாமலே இரண்டு வினைகளும் மீண்டும் ஒரே வேருக்கு வந்துவிட்டன.

எனினும் இரு மொழிபெயர்ப்புகளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: இரண்டும் தன்வினையையே தேர்ந்தன. ‘புதைந்திருக்கிற’, ‘மறைந்திருந்த’ என்னும்போது செல்வம் தானாகவே அங்குக் கிடப்பதாகிறது. ‘புதைக்கப்பட்டிருந்த’ என்றால் மட்டுமே புதைத்த கை ஒன்று நினைவுக்கு வரும். இக்கை வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. பாலஸ்தீன நாட்டில் போர்க்காலங்களில் செல்வத்தை மண்ணில் புதைத்தல் நடைமுறை. எருசலேமின் வீழ்ச்சிக்குப்பின் மக்கள் நிலத்தடியில் வைத்திருந்த பொன்னையும் வெள்ளியையும் ரோமர் தோண்டியெடுத்ததை யோசேப்பு ‘யூதப் போர்’ ஏழாம் நூலில் குறிப்பிடுகிறார். 1952இல் கும்ரான் மூன்றாம் குகையில் கிடைத்த செப்புச்சுருள் முழுவதும் மறைத்துவைக்கப்பட்ட செல்வங்களின் பட்டியலே. உரியவர் மாண்டுபோக, பணம் மட்டும் மண்ணில் எஞ்சிய நாடு அது. பிற்கால ரோமச் சட்ட வல்லுநர் பவுலுஸ் புதையலுக்குத் தந்த இலக்கணம், வைத்தவர் நினைவே அற்றுப்போனதால் உரியவர் இல்லாதுபோன பழைய வைப்பு என்பது. உவமையில் கண்டவன் செய்தது நேர்மையா என்று விளக்கவுரைகள் நெடுங்காலம் வாதிட்டமைக்குக் காரணம் அந்த முதல் கைதான். தமிழ் வாசகருக்கு அவ்வாதம் சற்று விளங்காமல் போவதற்கு இத்தன்வினையும் ஒரு காரணம் எனலாம்.

25ஆம் இயலில் தாலந்து உவமையில் ‘புதைத்துவைத்தான்’ என்பது மறுக்கமுடியாத பெயர்ப்பு. மூலத்திலும் நிலத்தைத் தோண்டியமை முன்னே கூறப்படுகிறது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: 13:44இல் மகிழ்ச்சியோடு மறைத்தவனும் 25:18இல் அச்சத்தால் மறைத்தவனும் ஒரே வினையைச் செய்கின்றனர். பணத்துக்கு மண்ணைத் தவிர வேறு காவல் இல்லை என்னும் கருத்து 3ஆம் நூற்றாண்டு ரபி சாமுவேல் பெயரால் பாபிலோனியத் தல்மூத்தில், பாவா மெட்சியா பகுதியில் பதிவாகியுள்ளது. பிற்காலச் சான்றாயினும், ஊழியனின் செயல் அக்காலத்தார் கண்ணுக்கு மூடத்தனமாகத் தோன்றியிராது என்பதற்கு அது துணை. குற்றம் மறைத்ததில் இல்லை, மறைத்ததோடு நின்றதில் உள்ளது. ஒருவன் மறைத்துவிட்டுப் போய் எல்லாவற்றையும் விற்கிறான். மற்றவன் மறைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஒரே வினை இரண்டிடத்திலும் நின்றால் மட்டுமே இவ்வேறுபாடு கூர்மை பெறும்.

புளிப்புமா உவமையில் மூலம் ‘எனெக்ருப்சென்’, அதாவது ‘உள்ளே மறைத்தாள்’. சமையற்செயலுக்கு இது விந்தையான வினை. மாவைப் பிசைவார்கள், மறைப்பதில்லை. ஐக்கிய மொழிபெயர்ப்பின் ‘அடக்கிவைத்தாள்’ இவ்விந்தையைக் கைவிடாமல் காத்தது. ‘அடக்கு’ என்பதில் உட்கொள்ளுதலும், ஒடுக்குதலும், கிறித்தவ வழக்கில் இறந்தோரை மண்ணுக்குள் வைத்தலும் உண்டு. பொது மொழிபெயர்ப்பின் ‘பிசைந்து வைத்தார்’ சமையலறைக்கு இயல்பானது; ஆனால் உவமையின் முனை மழுங்கிவிட்டது. அளவு விஷயத்தில் நிலை தலைகீழ். மூலத்தின் மூன்று ‘சாதா’ ஏறக்குறைய நாற்பது லிட்டர் மாவு. ‘மூன்று படி’ என்பது அதை ஒரு வீட்டுச் சமையலாகச் சுருக்கிவிட்டது. ‘மூன்று மரக்கால்’ பெருவிருந்தின் அளவை மீட்டது. இதே மூன்று அளவு மாவைத்தான் தொடக்கநூல் 18:6இல் விருந்தினருக்காகப் பிசையும்படி ஆபிரகாம் சாராவிடம் சொல்கிறார். அங்குச் செப்துவசிந்தா அப்பத்துக்கு இட்ட பெயர் ‘எங்க்ருஃபியாஸ்’, அதாவது சூடான சாம்பலுக்குள் மறைத்துச் சுடப்படுவது. அளவும் வினைவேரும் சேர்ந்தே வருவது தற்செயலாயின் அது அரிய தற்செயல்.

‘ஒளி’யும் ‘மறை’யும்

மனிதரைக் குறிக்கும் இடங்களில் தமிழுக்கு இரு வினைகள் கைகொடுக்கின்றன. ‘ஒளி’ என்பதில் துரத்தப்படுபவரின் அச்சமோ குற்றவாளியின் கூச்சமோ கலந்திருக்கும். ‘மறை’ என்பதில் அது இல்லை, கதிரவனும் மறைகிறது. எபிரேயர் 11:23இல் குழந்தை மோசேயைப் பெற்றோர் மூன்று மாதம் காத்தது ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘ஒளித்துவைத்தார்கள்’. வெளிப்பாடு 6:15இல் அரசரும் செல்வரும் குகைகளில் ‘ஒளித்துக்கொண்டு’; அடுத்த வசனத்திலேயே அவர்கள் மலைகளிடம் ‘மறைத்துக்கொள்ளுங்கள்’ என்கின்றனர். மூலத்தில் இரண்டும் ஒரே வினை. பதுங்குவோருக்கு ஒளி, புகலிடம் தரும் மலைக்கு மறை எனப் பங்கிட்டது மொழிபெயர்ப்பாளரின் செவி. (5:14இல் ‘ஒளி’ வர இயலாது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. உலகிற்கு ஒளி என்று பொது மொழிபெயர்ப்பு கூறிய மறுநொடியே நகர் ஒளிந்திருக்காது என்றால் சிலேடை எழுந்து நின்றுவிடும்.)

இப்பின்புலத்தில்தான் யோவான் 8:59ஐ வாசிக்க வேண்டும். கோவிலில் இயேசுவின்மீது எறியக் கற்கள் எடுக்கப்படுகின்றன. அவர் ‘எக்ருபே’; பின் கோவிலைவிட்டு வெளியேறுகிறார். 12:36இல் பேசி முடித்து அகன்று சென்றபின் மீண்டும் ‘எக்ருபே’. இது வடிவத்தால் இறந்தகாலச் செயப்பாட்டுவினை. ‘மறைக்கப்பட்டார்’ என்றும் ‘தம்மை ஒளித்துக்கொண்டார்’ என்றும் பொருள்பட இடமுண்டு. செயப்பாட்டு வடிவத்தை அழுத்தி, மறைத்தவர் கடவுளே என்று கொள்வாரும் உண்டு.

இவ்வையத்தைத் தீர்க்கச் செப்துவசிந்தா உதவுகிறது. தொடக்கநூல் 3:8இல் ஆதாமும் மனைவியும் மரங்களிடையே ஒளிந்தபோது எபிரேயத்தில் இருப்பது தற்சுட்டு வடிவம். அதைக் கிரேக்கர் இதே செயப்பாட்டு வடிவத்தால் பெயர்த்தனர். ‘எக்ருபே’ என்னும் வடிவம் ‘தன்னை ஒளித்துக்கொண்டான்’ என்னும் பொருளில் விவிலியக் கிரேக்கத்தில் இயல்பாக நடமாடியது என்பதற்கு இது போதிய சான்று. எபிரேயர் 11:23இல் உண்மையான செயப்பாட்டுப் பொருள் வேண்டியபோது, யாரால் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்டதும் நோக்கத்தக்கது. எனவே யோவானில் தற்சுட்டுப் பொருளே வலுவுடையது.

ஐக்கிய மொழிபெயர்ப்பில் ஆதாம் ‘ஒளித்துக்கொண்டான்’, இயேசு ‘மறைந்தார்’. பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்து பெயர்க்கப்பட்டதாகையால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முற்றிலும் முறையாகாது. ஆயினும் தேர்வின் திசை தெளிவு: இறைமகனுக்கு ‘ஒளி’ என்னும் வினை பொருந்தாது என மரியாதை கருதியது. விளைவு மரியாதையோடு நிற்கவில்லை. ‘மறைந்து’ என்றால் தமிழில் காணாமற்போதல். லூக்கா 24:31இல் எம்மாவு வீட்டில் உயிர்த்தெழுந்தவர் கண்முன்னே புலப்படாமற்போன இடத்திலும் இதே மொழிபெயர்ப்பு ‘மறைந்துபோனார்’ என்கிறது. அங்கு மூலச்சொல் முற்றிலும் வேறு; புலப்படாதவர் ஆனார் என்பது அதன் பொருள். இரு வேறு நிகழ்ச்சிகள் தமிழில் ஒரே நிகழ்ச்சியின் இரு நிகழ்வுகளாகின்றன. கல்லெறிக்குத் தப்பிப் பதுங்கியவர் மாயமாய் மறைந்தவர் ஆகிறார்.

இதற்குப் பாடபேதமும் துணைபோயிற்று. பிற்காலக் கிரேக்கப் படிகளில், அவர்கள் நடுவே கடந்து சென்றார் என்னும் தொடர் 8:59இல் கூடுதலாக உள்ளது. பழமையான படிகளில் அது இல்லை. லூக்கா 4:30இன் செல்வாக்கால் சேர்ந்ததாகப் பாட ஆய்வாளர் கருதுவர். ஐக்கிய மொழிபெயர்ப்பு அதை ஏற்றது. மறைந்தவர் கூட்டத்தின் நடுவே நடந்து போனார் என்றால் அற்புதம் என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள வழியில்லை. பொது மொழிபெயர்ப்பு அத்தொடரை விட்டதோடு, ‘மறைவாக நழுவி’ என்றும் பெயர்த்தது. பொருளளவில் இது மூலத்துக்கு மிக அருகில் உள்ளது. ஆனால் ‘நழுவு’ என்பது மூலத்தில் இல்லாத நிறமொன்றைத் தருகிறது. கடமையிலிருந்து நழுவுவோருக்கு வழங்கும் சொல் அது. ‘தம்மை மறைத்துக்கொண்டார்’ என்றிருந்தால் கொள் என்னும் துணைவினை தற்சுட்டுப் பொருளைக் காத்திருக்கும். மாயமும் நுழையாது, மரியாதையும் கெடாது.

இன்னொரு சிக்கல் காலத்தால் வந்தது. இன்றைய எழுத்துவழக்கில் ‘மறைந்தார்’ என்றால் இறந்தார். 12:36ஐ முதன்முறை வாசிக்கும் இன்றைய மாணவர் தடுமாற இடமுண்டு. ஆனால் இதே வழக்கு கொலோசையர் 3:3இல் எதிர்பாராத வளம் சேர்க்கிறது. இறந்தோரின் உயிர் கடவுளில் மறைந்திருக்கிறது என்பது அங்குக் கருத்து. மூலத்தின் ‘கெக்ருப்தை’ நிறைவுக்கால வடிவம். ‘மறைந்திருக்கிறது’ என்பதிலுள்ள ‘இரு’ அதற்குத் துல்லியமான தமிழ். சாவும் மறைவும் ஒன்றையொன்று தொடும் ஓசை, அடக்கம் செய்தலுக்கும் ‘க்ருப்தோ’ என்ற கிரேக்கச் செவிக்கு ஓரளவு கேட்டிருக்கலாம். தமிழ்ச் செவிக்கு உறுதியாகக் கேட்கிறது.

யோவானில் மறைவின் தொடர்ச்சி

8:59 மாயமறைவு அன்று என்பதற்கு அந்நற்செய்தியின் போக்கே மேலும் சான்று. 7:1இல் கொலைமுயற்சியின் காரணமாக அவர் யூதேயாவில் நடமாட விரும்பவில்லை. 7:10இல் விழாவுக்கு ‘மறைவில்’, அதாவது இதே வேர்ச்சொல்லின் நிலையில், செல்கிறார். 11:54இல் வெளிப்படையாக நடமாடுவதை நிறுத்துகிறார். 18:20இல் விசாரணையின்போது மறைவில் எதையும் பேசியதில்லை என்கிறார். தேடப்படும் ஒருவரின் நடமாட்டம் இது. பேச்சு வெளிப்படை, ஆள் மறைவு என்னும் இம்முரணை யோவான் வேண்டுமென்றே கட்டுகிறார். ‘மறைந்தார்’ என்னும் தமிழ், கடைசிவரை நீளும் அந்த அபாயத்தை ஒரு சொல்லில் கலைத்துவிடுகிறது.

இவ்வினை யோவானில் இறுதியாக வருவது 19:38இல். அரிமத்தியா ஊர் யோசேப்பு ‘கெக்ரும்மெனோஸ்’, அச்சத்தால் மறைக்கப்பட்ட சீடர். ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘அந்தரங்க சீஷன்’ என்கிறது. ‘அந்தரங்கம்’ 7:10இன் பெயர்ப்போடு இயைவதால் ஒரு தொடர்பு எஞ்சுகிறது. ஆனால் 8:59, 12:36 ஆகியவற்றோடு உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. அந்தரங்கச் செயலர், அந்தரங்க நண்பர் என்னும் வழக்குகளால் நெருக்கம் என்னும் பொருளும் கலந்து, யோசேப்பின் அச்சம் ஒருவகைச் சிறப்பாக மாறிவிடும் அபாயமும் உண்டு. மூலத்தில் தலைவரும் சீடரும் ஒரே வினையால் மறைகின்றனர்; ஒருவர் தம் நேரம் வரும்வரை, மற்றவர் அந்த நேரம் கடந்தபின் வரை. பிலாத்துவிடம் சென்று உடலைக் கேட்கும்போது யோசேப்பின் மறைவு முடிகிறது. பின் அவரும் நிக்கதேமும் உடலைக் கல்லறையில் இடுகின்றனர். சோபக்ளிஸ் கையாண்டதுபோல் யோவானும் அங்கு ‘க்ருப்தோ’வைக் கையாண்டிருக்கலாம். அவர் எடுத்தாண்டது ‘வைத்தார்கள்’ என்னும் எளிய வினை.